நாலாம் நம்பர் பத்தி

ஜூன் 7, புதன்

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதிய டாக்டர், "கோபம் வந்தா யார்கிட்டயும் காட்டாம ஒரு நோட்டுல எழுதி வைங்க சார்" என்றார். வாங்கிவிட்டேன் நோட்டு. எதையும் முறைப்படி ஆரம்பித்தே பழகிவிட்டது: நாச்சிமுத்து, வயது 59, சிறப்பு சார்பு ஆய்வாளர், மாவட்டக் காவல் அலுவலகம், மனுப் பிரிவு. போலீஸ்காரர்கள் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை விசாரிப்பது என் வேலை. விசாரிப்பது என்றால் முடிப்பது.

புதன்கிழமை மனு நாள். பத்து மணிக்குள் வாசலில் நாற்பது பேர். எல்லோர் கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஜெராக்ஸ் கட்டு. முதல் பக்கத்தில் "சமூகம் பெருமைமிகு ஐயா அவர்களுக்கு" என்று ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்தில் "தற்கொலை செய்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை" என்று முடிப்பார்கள். மறு புதன்கிழமை அதே ஆள் அதே சட்டையில் வந்து நிற்பான்.

ஒரு பெண் மட்டும் மனுவைக் கொடுத்துவிட்டு நகராமல் என் நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்" என்று போய்விட்டாள். மதியம் தயிர்சாதம். அழுத்தம் 150.

ஜூன் 9, வெள்ளி

இந்த அலுவலகத்தில் எத்தனையோ கூத்து பார்த்திருக்கிறேன். இன்றைய கூத்துக்கு ஈடு இல்லை.

எங்களுக்குப் புது சாப்ட்வேர் போட்டிருக்கிறார்கள். மனு எந்த உட்கோட்டத்திலிருந்து வந்தது என்று தட்டினால், அதுவே விசாரணை அதிகாரியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடும். மனிதத் தலையீடு இல்லை என்று பெருமை வேறு. காலையில் திறந்தேன். மனுதாரர்: தெய்வானை, கணவர் பெயர் குப்புராஜ். எதிர்மனுதாரர்: சி.சா.ஆ. நாச்சிமுத்து. விசாரணை அதிகாரி: சி.சா.ஆ. நாச்சிமுத்து.

என் மீது வந்த புகாரை என்னிடமே விசாரிக்க அனுப்பியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கும் துறையின் வழக்கம் பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது. இதுவரை அந்தந்த ஸ்டேஷனுக்கு அனுப்பி, அடித்தவனின் பக்கத்து நாற்காலிக்காரனை விசாரிக்கச் சொல்வோம். இப்போது அந்தப் பக்கத்து நாற்காலியும் இல்லை.

மனுவைப் படித்தேன். பெயர்ப் பட்டையைப் படித்த அதே பெண். புருஷன் குப்புராஜ் ஒரு தனியார் பள்ளியில் வேன் ஓட்டியவன். ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பும்போது, வாகனச் சோதனையில் ஏட்டு சம்பத் அவனை இடது காதோடு சேர்த்து அறைந்ததாக முதல் மனு கொடுத்திருக்கிறாள். அதை மே மாதம் நான் முடித்திருக்கிறேன். அறிக்கையில் "மனுதாரரின் கணவர் மது போதையில் தானே தவறி விழுந்து காயமடைந்தது விசாரணையில் தெரிய வருகிறது" என்று இருக்கிறது. அவன் குடிக்கிறவனே இல்லையாம். அந்த ஒரு வரியால் பள்ளியில் அவனை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்களாம். அந்த வரியை எடுத்துத்தர வேண்டும், வேறெதுவும் கேட்கவில்லை என்கிறாள்.

இது டைப் அடிக்கும் கோகிலாவின் தவறு. எதையோ எதிலோ ஒட்டியிருக்கிறாள்.

ஜூன் 10, சனி

டி.எஸ்.பி. அறைக்குப் போனேன். இருபத்தெட்டு வயது, நேரடி நியமனம். செல்போனைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஐயா, என் மேல வந்த மனு எனக்கே விசாரணைக்கு வந்திருக்குங்க."

"அதனால?"

"வேற யாருக்காச்சும் மாத்திவிட்டா..."

"மாத்துனா பெண்டிங் ஆயிடும் நாச்சிமுத்து. இருபத்தெட்டாம் தேதி ரிவ்யூ. நம்ம மாவட்டம் ஜீரோ பெண்டிங் காட்டணும். உங்களுக்கு வந்துச்சுன்னா நீங்கதான் முடிக்கணும்."

"என்னைய நானே விசாரிக்கறதுங்களா?"

"நியாயமா விசாரிங்க" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

ஜூன் 12, திங்கள்

எனக்கு நானே விசாரணைக்கு ஆஜராகும்படி சம்மன் எழுதி, கொடுத்தவர் என்று ஒரு கையெழுத்தும் பெற்றுக்கொண்டவர் என்று ஒரு கையெழுத்தும் போட்டேன். இரண்டுக்கும் வேறு வேறு பேனா.

ஜூன் 14, புதன்

தெய்வானையை வரச்சொல்லியிருந்தேன். முப்பத்தைந்து, நாற்பது வயதிருக்கும். நூல் மில்லில் வேலை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"இந்த மனுவ விசாரிக்கற அதிகாரி நான்தாம்மா."

"மனுவே உங்க மேலதானுங்க?"

"ஆமா."

மறுபடி என் பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் எதிரில் அழுதவர்கள் உண்டு, மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு, யாரும் சிரித்ததில்லை.

"குடிச்சாருன்னு நீங்க எழுதுன காயிதம் தபால்ல வந்துச்சுங்க. எனக்கு அத்தன பெரிய எழுத்தெல்லாம் படிக்கத் தெரியாது. சீல் இருந்துச்சு, கோபுரம் இருந்துச்சு. அவர அடிச்சது உண்மைன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டாங்கன்னு நெனச்சு, நாந்தானுங்க கொண்டுபோய் ஸ்கூல்ல குடுத்தேன். மறுநா வண்டிச் சாவிய வாங்கிக்கிட்டாங்க."

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்ங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?"

"குடிப்பாருங்கறதுக்கு உங்ககிட்ட என்னங்க ஆதாரம் இருந்துச்சு?"

பதிலுக்கு நான் கோப்பைப் புரட்டினேன். கோப்பைப் புரட்டினால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். இவள் மூடவில்லை.

"நீங்க அவர ஒரு தடவயாச்சும் பாத்திருக்கீங்களா சார்? நேர்ல போய் விசாரிச்சேன்னு எழுதியிருக்கீங்களாம், வக்கீல் குமாஸ்தா படிச்சுச் சொன்னாரு. எங்க வீட்டுக்கு எந்தப் போலீசும் வரலீங்க. இப்ப வாங்க. தேங்கா மண்டில மூட்டை தூக்கிட்டிருக்காரு. எந்த நேரம் வேணாலும் வாங்க. கிட்டப் போயி மோந்து பாத்துட்டு அப்பறம் எழுதுங்க."

போன பிறகு கோகிலா குனிந்துகொண்டு டைப் அடித்தாள். அவளும் சிரித்திருப்பாள். எல்லாருக்கும் இளக்காரம்.

ஜூன் 15, வியாழன்

கோகிலாவைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். "அந்த அறிக்கைல குடிபோதைன்னு நீ எப்படிம்மா போட்ட?"

"நீங்கதான சார் நாலு போடுன்னீங்க?"

இதை விளக்க வேண்டும். என்னிடம் ஒன்பது பத்திகள் உண்டு. பதினான்கு வருடத்தில் செதுக்கிச் செதுக்கி நானே எழுதியவை. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள்கூடப் பென்டிரைவில் வாங்கிப்போனார்கள். ஒன்று, மனுவில் கண்டபடி சம்பவம் ஏதும் நடைபெறவில்லை. இரண்டு, முன்விரோதம் காரணமாகப் பொய்ப் புகார். மூன்று, இரு தரப்பும் சமாதானம். நான்கு, மது போதை. ஐந்து, மனுதாரர் மனநிலை சரியில்லாதவர். இப்படி ஒன்பது வரை. நான் நம்பரைச் சொன்னால் போதும், கோகிலா பெயரை மட்டும் மாற்றிவிடுவாள். ஓட்டலில் சப்ளையர் சமையல்கட்டைப் பார்த்துக் கத்துகிற மாதிரிதான் எங்கள் விசாரணை நடக்கும். மே 30ஆம் தேதி ரிவ்யூவுக்கு முந்தின நாள், பதினொரு மனுக்களை முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். அதற்கு டி.எஸ்.பி. கைதட்டினார்.

"நான் மூணுன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

"மூணுக்கு ரெண்டு பேர் கையெழுத்து வேணுமே சார். கையெழுத்து இல்ல, நாலு போட்டுருன்னீங்க. இதோ, பென்சில்ல குறிச்சிருக்கீங்க."

மனுவின் மூலையில் 4 என்று இருந்தது. என் கையெழுத்துதான்.

ஜூன் 18, ஞாயிறு

தண்ணீர்த் தொட்டி கழுவினேன். கீரைக்காரியிடம் சண்டை. சாப்பிடும்போது மரகதத்திடம் இந்தக் கதையைச் சொன்னேன், அந்த அம்மா எப்படித் திமிராகப் பேசினாள் என்று. மரகதம் ரசம் ஊற்றிக்கொண்டே, "அந்தாளு குடிப்பாராங்க?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.

அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை. என் சம்சாரம் எப்போதுமே இப்படித்தான், பாதியில் விட்டுவிடுவாள்.

ஜூன் 20, செவ்வாய்

தேங்காய் மண்டிக்குப் போனேன். மப்டியில் போனேன், சீருடையில் போனால் மண்டிக்காரனும் குப்புராஜைத் துரத்திவிடுவான் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை.

குப்புராஜ் ஒல்லி. நெஞ்சில் நார்த் தூசி. நான் யாரென்று சொன்னதும் தலைத்துண்டை எடுத்துவிட்டான். பேசும்போது வலது பக்கத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். இடது செவிப்பறையில் விழுந்த ஓட்டை மூடிவிட்டதாம், சத்தம்தான் இன்னும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதாம்.

"பதினோரு வருசமுங்க சார் அந்த ஸ்கூல்ல. டெய்லி காலைல கேட்டுப் பக்கத்துல, குடிச்சிருக்கமான்னு காட்டற மிசினுல ஊதணும். ஊதுனாத்தான் சாவி தருவாங்க. சாயங்காலம் ட்ரிப்புக்கு முன்னால இன்னொருக்கா ஊதணும். ஊதிட்டு ரிஜிஸ்டர்ல கையெழுத்து. அன்னிக்கும் மூணேகாலுக்கு ஊதியிருக்கேனுங்க. எல்லாம் அவங்க ரிஜிஸ்டர்லயே இருக்குது."

"இதச் சொல்ல வேண்டியதுதான அவங்ககிட்ட?"

"சொன்னனுங்க. ரிஜிஸ்டர் எங்களுது, இது போலீஸ் காயிதம்னுட்டாங்க."

பதினோரு வருடம் தினம் இரண்டு முறை தாங்களே ஊதவைத்துப் பார்த்ததை நம்பாமல், ஒரு முறைகூட அவனைப் பார்க்காத நான் எழுதியதை நம்பியிருக்கிறார்கள். படித்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடம்!

எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து குடித்தான். தேங்காய் வாசனையும் வியர்வை வாசனையும் வந்தன. அவள் சொன்னபடியே செய்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஜூன் 21, புதன்

மனு நாள் கூட்டம். தலைவலி.

என் மீதான மனுவுக்கு இரண்டாம் நம்பர் பத்தியைப் போட்டு முடித்துவிடலாம் என்று நேற்றுவரை வைத்திருந்தேன். முன்விரோதம். கோகிலாவும் கேட்டாள், "ரெண்டா சார்?" பிறகு, "முன்விரோதம்னா, அவங்கள உங்களுக்கு முன்னாடியே தெரியுமான்னு கேப்பாங்களே சார்" என்றாள். தெரியாது என்பதுதான் குற்றச்சாட்டே.

முதல் மனுவின் இணைப்புகளை எடுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை என்றுதான் அறிக்கையில் எழுதியிருந்தேன். நாலாம் பக்கத்தில் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது. இடது செவிப்பறையில் கிழிசல், மது வாடை இல்லை, டாக்டர் கையெழுத்து, தேதி. பின்பக்கமாக ஒட்டிக்கொண்டிருந்ததால் அன்று கண்ணில் படவில்லை.

இது என் சொந்த நோட்டு. இதிலும் எதற்குப் புளுகுகிறேன்? அன்றே பார்த்தேன். சம்பத் போன் செய்து, "அண்ணே, புரமோஷன் லிஸ்ட்ல இருக்கேன், பாத்து முடிச்சுருங்க" என்றான். சரி தம்பி என்றேன். குடிகாரன் என்று எழுதிவிட்டால் அப்புறம் எவனும் கேள்வி கேட்கமாட்டான், அதற்காகத்தான் நாலு. அந்தச் சீட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் நம்பரைச் சொன்னேன்.

கோகிலாவை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நானே ஒற்றை விரலால் தட்டினேன். பத்தாவது பத்தி. "மனுதாரரின் கணவர் மது அருந்தியிருக்கவில்லை. எதிர்மனுதாரரான நான் எவ்வித விசாரணையும் செய்யாமல், மருத்துவச் சான்றை மறைத்து, ஏட்டு சம்பத் கேட்டுக்கொண்டபடி பொய்யான அறிக்கை அளித்தேன். குற்றச்சாட்டு உண்மை." இந்த நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆனது. விசாரணை அதிகாரியாகவும் குற்றவாளியாகவும் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒரே பேனா.

ஜூன் 23, வெள்ளி

டி.எஸ்.பி. கூப்பிட்டார். கிழித்து எறிவார் என்று நினைத்தேன். எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"நாச்சிமுத்து, போன ரிவ்யூல ஹெட் ஆபீஸ்ல கேட்டாங்க. உங்க மாவட்டத்துல மூணு வருசமா போலீஸ் மேல வந்த ஒரு புகார் கூட நிரூபணம் ஆகலையேன்னு. ரிப்போர்ட்ல 'நிரூபணம்'ங்கற கட்டம் எப்பவும் காலியாவே இருக்கு. இப்ப ஒண்ணு போட்டுக்கலாம்."

"ஐயா, அப்ப சம்பத்து மேல..."

"அது மொத மனு. முடிஞ்சிருச்சே. முடிஞ்ச மனுவ சாப்ட்வேர்ல திறக்க வழியில்ல. இந்த மனு உங்க மேல. உங்க மேல நிரூபணம். ஏட்டு பேரு இதுல எதுக்கு?" என்று பச்சை மையில் சம்பத் வருகிற பாதி வரியை அடித்தார்.

"குடிபோதைன்னு இருக்கற வரிங்க?"

"அதுவும் மொத மனு."

எனக்கு வந்த கோபத்துக்கு இந்த நோட்டுப் போதாது.

ஜூன் 28, புதன்

ரிவ்யூ. ஜீரோ பெண்டிங். எல்லாருக்கும் பாதாம் பால்.

ஜூலை 5, புதன்

ஒரு குறிப்பாணையைப் பிறப்பிக்க ஏழு வருடம் இழுக்கும் துறை, பன்னிரண்டே நாளில் எனக்குத் தண்டனை கொடுத்துவிட்டது. "கண்டனம்." ஓய்வு பெற ஏழு மாதம் இருக்கும்போது பணிப் பதிவேட்டில் முதல் கறை. இத்தனை மனுக்களை முழுங்கியபோது பாராட்டுச் சான்று கொடுத்தவர்கள், ஒரே ஒரு முறை உண்மையை எழுதியதற்குக் கண்டனம் கொடுத்திருக்கிறார்கள். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். சம்பத்துக்குப் புரமோஷன் வந்துவிட்டது. போனில் சொன்னான். "அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தான்.

ஜூலை 12, புதன்

தெய்வானை வந்தாள். டோக்கன் வரிசையில் நிற்காமல் நேராக என் மேசைக்கு வந்தாள். கையில் எங்கள் பதில் கடிதம். "தவறான அறிக்கை அளித்த அலுவலர் நாச்சிமுத்து என்பவர் மீது துறை ரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. மனு முடிக்கப்பட்டது." இந்த முறை முதலில் குமாஸ்தாவிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பள்ளிக்குக் கொண்டுபோனாளாம்.

"இதுல அவரு குடிக்கலன்னு எங்க போட்டிருக்குன்னு கேக்கறாங்க சார். எங்கயும் போடலீங்களே?"

"இல்லம்மா. போடல."

"உங்களுக்குத் தண்டனை குடுக்கச் சொல்லி நான் கேக்கலீங்க. அந்த வரிய எடுக்கத்தானுங்க கேட்டேன்."

என்னிடம் இதற்கு எந்த நம்பரும் இல்லை. அவளுக்கு மில்லில் அரை நாள் லீவு போயிருக்கும். கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். எத்தனை வருசமாகும் என்று கேட்டாள். சொன்னேன். பிள்ளைகள் அதற்குள் கல்யாண வயதுக்கு வந்துவிடும் என்றாள். ஜூலை முடிவதற்குள் வேறு டிரைவரை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்களாம், அதுவரைதான் இடம் காலி.

"நாளைக்கு நானே ஸ்கூலுக்கு வர்றேன்" என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஜூலை 13, வியாழன்

சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். தெய்வானை கேட்டுக்கு வெளியே பஸ் நிறுத்தத்தில் நின்றாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். கேட்டருகே ஒரு முக்காலியில் அந்த ஊதுகிற மிஷின், பக்கத்தில் கயிறு கட்டிய பேனாவோடு ரிஜிஸ்டர்.

தாளாளர் அறையில் ஏசி. மரியாதையாக எழுந்து உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. இப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் முதல் வாக்கியம் திக்கியது.

"சார், குப்புராஜ் அன்னிக்குக் குடிக்கல. அவர ஒரு ஏட்டு அடிச்சாரு. குடிபோதைன்னு அந்த அறிக்கைய எழுதுனது நான்தான். அது பொய்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்து தெய்வானை பள்ளியில் கொடுத்திருந்த கடிதத்தின் ஜெராக்ஸை எடுத்தார். என் நெஞ்சில் இருந்த பெயரைப் பார்த்தார், கடிதத்தில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"இந்த நாச்சிமுத்து நீங்கதானா?"

"ஆமாங்க."

"பொய் ரிப்போர்ட் குடுத்தவர்னு உங்க டிபார்ட்மெண்டே நடவடிக்கை எடுத்திருக்கு. இப்ப வந்து இதுதான் உண்மைன்னா நான் எப்படி சார் எடுத்துக்கறது? நாளைக்கு ஒரு பேரண்ட் கேட்டா என்ன சொல்லுவேன்? நீங்க பெரியவங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க வார்த்தைய வச்சு நான் ஒரு டிரைவர் கையில அறுபது பிள்ளைங்கள குடுக்க முடியாது."

ரிஜிஸ்டரைப் பாருங்கள் என்றேன். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினேன். ஜெராக்ஸ்தானே என்றார். சத்தியம் பண்ணுகிறேன் என்றுகூடச் சொன்னேன், ஐம்பத்தொன்பது வயதில், சீருடையில். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு கோப்பை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். எதிரே நின்றவன் வாய் தானாக மூடிக்கொண்டது.

வெளியே வந்தேன். தெய்வானை என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருப்பாள். இருந்தும் கேட்டாள்.

"என்னங் சொன்னாரு?"

"உள்ளத அப்படியே சொன்னேம்மா. ஒண்ணு விடாம சொன்னேன். நம்ப மாட்டேங்கறாரு." எனக்கு வெட்கமாக இருந்தது.

அவள் தலையை ஆட்டினாள். கோபமோ இளக்காரமோ இல்லை.

"எங்களுக்கும் இப்பிடித்தானுங்க சார் இருந்துச்சு" என்றாள்.

பஸ் வந்தது. மில்லுக்கு நேரமாகிவிட்டது என்று ஏறிப் போய்விட்டாள்.